“எங்கள் பெண்கள்” என்று சொல்பவர்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. வெளிநாட்டவரை எதிர்க்கும் ஐரோப்பியக் கட்சிகள் திடீரென்று பெண்ணுரிமை பேசுகின்றன, தன்பாலீர்ப்பாளரைக் காப்போம் என்கின்றன, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். சரி, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் அரசியல் பேராசிரியர் இல்லை. சுவிஸில் தஞ்ச விசாரணைகளிலும் பெண்கள் காப்பகங்களிலும் எங்கள் ஆட்களுக்கு உரைபெயர்ப்பவள். அங்கிருந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: எஸ்.வி.பி (சுவிஸ் மக்கள் கட்சி) வெளிநாட்டவருக்கு எதிரான கட்சி என்று எனக்கும் தெரியும். ஆனால் முகத்தை மூடும் உடையைத் தடை செய்தது பெண்களுக்கு நல்லதுதானே? நல்லதை யார் செய்தால் என்ன?
(வாசகர் ஒருவர், பாசல்)

நியாயமான கேள்வி. அப்படியானால் செய்தவர்களின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். அப்பென்செல் இன்னர்ரோடன் கன்டோனில் (மாநிலத்தில்), கன்டோன் விவகாரங்களில் வாக்களிக்கும் உரிமை 1990இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கிடைத்தது. 1987 முடியும்வரை சட்டப்படி கணவனே குடும்பத் தலைவன். எங்கே குடியிருப்பது என்பதை அவன் தீர்மானிப்பான். மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதிக்க வேண்டும். இதை மாற்றப் பாராளுமன்றம் புதிய திருமணச் சட்டம் கொண்டுவந்தபோது, அதை வீழ்த்த மக்கள் வாக்கெடுப்பு கோரிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? கிறிஸ்டோஃப் புளோஹர். பின்னாளில் எஸ்.வி.பியை வெளிநாட்டவர் எதிர்ப்பின் மேல் கட்டி நாட்டின் மிகப் பெரிய கட்சியாக்கியவர். 1985 செப்டெம்பரில் 54.7 வீதமானவர்கள் புதிய சட்டத்துக்கு ஆம் சொன்னதால்தான் 1988இலிருந்து சுவிஸ் மனைவி கணவனைக் கேட்காமல் வேலைக்குப் போக முடிந்தது.

இப்போது 2021 மார்ச்சுக்கு வாருங்கள். முகமூடித் தடையைக் கொண்டுவந்தது எகர்கிங்கன் குழு. 2009இல் பள்ளிவாசல் மினாராக்களை (கோபுரங்களை) தடை செய்யவைத்த அதே குழு, எஸ்.வி.பி ஆட்கள் முன்னணியில் நின்ற குழு. ரயில் நிலையங்களில் ஒட்டியிருந்த அவர்களுடைய சுவரொட்டி உங்களுக்கும் நினைவிருக்கும். கறுப்பு நிக்காப்புக்குள் இருந்து முறைக்கும் இரண்டு கண்கள், பக்கத்தில் தீவிரவாதத்தை நிறுத்துவோம் என்ற வாசகம். ஒடுக்கப்படுகிறாள், அவளை மீட்கிறோம் என்று மேடையில் சொன்னார்கள். சுவரொட்டியில் பார்த்துப் பயப்பட வேண்டியவளே அவள்தான்.

51.2 வீதத்தில் அது நிறைவேறியது. நாட்டில் முகத்தை மூடி உடுத்தும் பெண்கள் 20க்கும் 40க்கும் இடையில்தான் இருப்பார்கள் என்று லூசேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் 1,000 பிராங்க் வரை தண்டம். முகத்தை மூடும் வழக்கத்தோடு எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் கணவன் வற்புறுத்தித்தான் ஒருத்தி மூடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டம் யார் பெயருக்கு வரும்? அவள் பெயருக்கு. அதற்குப் பிறகு அவள் தெருவுக்கு வருவாளா, வீட்டோடு இருந்துவிடுவாளா?

இந்த வழி புதிதும் இல்லை. எகிப்தை 1907 வரை பிரித்தானியாவுக்காக ஆண்ட குரோமர் பிரபு, முக்காடுதான் அந்த நாட்டின் பிற்போக்குக்கு அடையாளம் என்று எழுதினார். இங்கிலாந்துக்குத் திரும்பிய பின், ஆங்கிலப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று நடந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், அயல் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம். ஆகவே யார் செய்தால் என்ன என்று என்னால் விட முடியாது, அண்ணா.

கேள்வி: ஜேர்மனியின் ஏ.எஃப்.டி (ஜேர்மனிக்கான மாற்று) கட்சித் தலைவி பெண்ணோடு குடும்பம் நடத்துபவர். அந்தத் துணைவியோ இலங்கையில் பிறந்தவராம். அப்படியிருக்க அந்தக் கட்சியை எப்படித் தன்பாலீர்ப்பாளருக்கும் வெளிநாட்டவருக்கும் எதிரானது என்கிறீர்கள்?
(வாசகி ஒருவர், டோர்ட்மண்ட்)

உண்மைதான். அலிஸ் வைடலின் துணைவி இலங்கையில் பிறந்து சுவிஸ் குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்டவர். இருவரும் இரண்டு மகன்களை வளர்க்கிறார்கள், சுவிஸில் ஐன்சீடெல்னில் வீடு. ஒரு பெண் யாரோடு வாழ்கிறாள் என்பதை வைத்து அவளை எதிர்க்க எனக்கு விருப்பமில்லை, நீங்களும் எதிர்க்காதீர்கள். பார்க்க வேண்டியது கட்சி என்ன செய்கிறது என்பதை.

அதன் கொள்கை அறிக்கையில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள். ஜேர்மனி 2017இல் ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது. அடுத்த வருடமே அதை நீக்கக் கோரும் மசோதாவைப் பாராளுமன்றத்தில் வைத்தது ஏ.எஃப்.டி. 2025 ஜனவரியில் ரீசா மாநாட்டில் வைடல் மேடையேறி, பாலின ஆய்வுத் துறைகளை மூடுவோம், அந்தப் பேராசிரியர்களை வெளியே அனுப்புவோம் என்றார். மண்டபம் ஆர்ப்பரித்தது. அதே கட்சியின் பியோர்ன் ஹோக்க 2015இல் எர்ஃபுர்ட்டில், நாம் நம் ஆண்மையை மீண்டும் கண்டெடுக்க வேண்டும், அப்போதுதான் எதிர்த்து நிற்கும் வலிமை வரும் என்று முழங்கியவர்.

இவை ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். மோதுகின்றன, ஆனால் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. 2017 தேர்தலில் அவர்கள் ஒட்டிய சுவரொட்டிகளைப் பாருங்கள். ஒன்றில் நீச்சலுடையில் பெண்கள், புர்கா வேண்டாம், எங்களுக்குப் பிகினிதான் பிடிக்கும் என்ற வரி. இன்னொன்றில் புல்வெளியில் சாய்ந்து சிரிக்கும் வெள்ளைக்காரக் கர்ப்பிணி, புதிய ஜேர்மானியரா, நாங்களே பெற்றுக்கொள்கிறோம் என்ற வரி. ஒன்றில் பெண் பார்ப்பதற்கு, மற்றதில் பெறுவதற்கு. இரண்டிலும் அவள் தனக்காக எதையும் கேட்கவில்லை.

2019இல் பெர்லின் கிளை இன்னும் ஒரு படி மேலே போனது. 1866இல் ஒரு பிரெஞ்சு ஓவியர் கற்பனையாக வரைந்த அடிமைச் சந்தை. நடுவில் வெளிர்த் தோல் கொண்ட நிர்வாணப் பெண், சுற்றிலும் தலைப்பாகை ஆண்கள், ஒருவன் அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைப் பார்க்கிறான். ஐரோப்பா அரபு நாடாகிவிடாமல் இருக்க வாக்களியுங்கள் என்று அதை நகரெங்கும் ஒட்டினார்கள். ஓவியத்தை வைத்திருக்கும் அமெரிக்க அருங்காட்சியகம், உடனே நிறுத்துங்கள் என்று கடிதம் எழுதியது. ஒட்டியவர்கள் நிறுத்தவில்லை.

ஒருபால் திருமணத்தை உலகில் முதலில் சட்டமாக்கிய நெதர்லாந்தில் இந்தப் பாதையைத் திறந்தவர் பிம் ஃபோர்டைன். தான் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படையாகச் சொன்ன பேராசிரியர். இஸ்லாமைப் பின்தங்கிய கலாசாரம் என்றார், எல்லையை மூடு என்றார். 2002 மே 6ஆம் தேதி, தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவன் குடியேறி இல்லை, விலங்குரிமை பேசிய ஒரு டச்சுக்காரன். ஃபோர்டைனின் கட்சி 26 இடங்களை வென்றது. தன் வாழ்க்கை முறையைப் பாதுகாக்கவே பேசுகிறேன் என்று அவர் சொன்னதை அவர் மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். அவருடைய உத்தியை எடுத்துக்கொண்ட பலருக்கு அந்த நம்பிக்கைகூட இல்லை.

கேள்வி: எனக்குப் பதினேழு வயதில் மகள் இருக்கிறாள். கொலோனில் புதுவருட இரவில் நடந்தது பொய்யா? உங்களைப் போன்றவர்கள் இனவாதம் என்று சொல்லிச் சொல்லியே உண்மையை மூடுகிறீர்கள் என்று எனக்குக் கோபம் வருகிறது.
(ஒரு தாய், ஜேர்மனி)

அக்கா, உங்கள் கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். 2015 டிசம்பர் 31 இரவு கொலோன் ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்தது பொய் இல்லை. ஆயிரத்துக்கும் மேல் முறைப்பாடுகள், ஏறக்குறையப் பாதி பாலியல் குற்றங்கள். சந்தேகிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வட ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த ஆண்கள். மறுநாள் காலையில் கொலோன் பொலிஸ், இரவு பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது என்று அறிக்கை விட்டது. அழுதுகொண்டு பொலிஸிடம் போன பெண்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் என்ன? ஒரு வாரத்தில் பொலிஸ் தலைவர் பதவியிழந்தார்.

இங்கிலாந்தின் ரோதரம் நகரமும் அப்படித்தான். 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் ரீதியாகச் சீரழிக்கப்பட்டார்கள் என்று 2014இல் அலெக்ஸிஸ் ஜேயின் விசாரணை அறிக்கை சொன்னது. குற்றவாளிகளில் பெரும்பாலானோர் பாகிஸ்தானிய வம்சாவளியினர். இனவாதிகள் என்று பெயர் வந்துவிடுமோ என்று சில அதிகாரிகள் தயங்கினார்கள். இதை மறைப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்பவர். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் வந்து சொன்னபோது பொலிஸே அவர்களை இழிவாக நடத்தியது, நம்பவில்லை. இந்தப் பகுதியைத் தீவிர வலதுசாரிகள் மேடையில் வாசிப்பதில்லை.

கொலோனுக்குப் பிறகு நடந்ததை மகளுக்குச் சொல்லுங்கள். அதுவரை ஜேர்மன் சட்டத்தில் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னது மட்டும் போதாது, வன்முறையோ மிரட்டலோ நடந்ததைக் காட்ட வேண்டும். பெண்கள் அமைப்புகள் அதை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தன. 2016 ஜூலையில்தான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பது சட்டமானது. குற்றவாளி கணவனாகவும் மேலதிகாரியாகவும் ஊர்க்காரனாகவும் இருந்த காலமெல்லாம் நகராத சட்டம், அந்நியன் என்றதும் ஆறே மாதத்தில் நகர்ந்தது. அதே மூச்சில் நாடுகடத்தல் விதிகளும் இறுகின. அந்த ஜனவரியில் ஜேர்மன் பெண்ணியவாதிகள் சேர்ந்து, விதிவிலக்கு இல்லாமல் என்ற பெயரில் ஒரு அறிக்கை விட்டார்கள். யார் செய்தாலும் குற்றம், எங்கள் வலியை வைத்து இனவெறி வளர்க்காதே என்பதுதான் அதன் சாரம். நான் நிற்பதும் அந்த இடத்தில்தான்.

ஏனென்றால் வலியை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் வலித்தவளைக் கேட்பதில்லை. 2022 ஓகஸ்டில் இத்தாலியின் பியாசென்சாவில், தெருவோரத்தில் உக்ரேனியப் பெண் ஒருவரை ஒரு தஞ்சக் கோரிக்கையாளன் வல்லுறவு செய்தான். யன்னலிலிருந்து யாரோ எடுத்த காணொளியைத் தேர்தல் பிரசாரத்தில் இருந்த வலதுசாரிக் கட்சித் தலைவி ஜோர்ஜியா மெலோனி தன் பக்கத்தில் பகிர்ந்தார். முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது, ஆனாலும் அவருடைய அலறல் கேட்டது. காணொளியைப் பார்த்தவர்கள் தன்னை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று அந்தப் பெண் மனமுடைந்தார். காப்பகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பெண்கள் முதலில் கேட்பதே, இது வெளியே தெரியவராதுதானே தங்கச்சி என்பதைத்தான்.

இன்னொரு தகவலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2024இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொலையாளி படகில் வந்த அகதி என்று வதந்தி பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். எங்கள் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று கூவிக்கொண்டு நடந்த கலவரங்களில், அகதிகள் தங்கிய ஹோட்டல்களுக்குத் தீ வைக்கவும் போனார்கள். அந்தக் கலவரங்களில் கைதானோரைப் பற்றிப் பொலிஸ் பதிவுகளைத் தேடியபோது, ஐந்தில் இருவர் மீது வீட்டு வன்முறை தொடர்பான முறைப்பாடு ஏற்கெனவே இருந்தது.

கேள்வி: பிறப்பு வீதத்துக்கும் இவர்களுடைய அரசியலுக்கும் என்ன தொடர்பு?
(மாணவர், ஒஸ்லோ)

எல்லாத் தொடர்பும் இருக்கிறது. பிரான்ஸின் ரெனோ கமு 2011இல் பெரும் மாற்றீடு என்ற கதையைப் பரப்பத் தொடங்கினார். வெள்ளையர்களை அகற்றிவிட்டு அந்த இடத்தில் குடியேறிகள் வைக்கப்படுகிறார்கள் என்பது கதை. அதை நம்பினால் அடுத்த குற்றச்சாட்டு நேரே பெண்ணிடம் போகும்: நீ ஏன் பெறவில்லை, ஏன் படித்தாய், ஏன் வேலைக்குப் போனாய்? உங்கள் நோர்வேயிலேயே 2011 ஜூலை 22இல் 77 பேரைக் கொன்றவன் தன் நீண்ட அறிக்கையில் பெண்ணியத்தையும் திட்டினான். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனின் அறிக்கை பிறப்பு வீதம் என்றே தொடங்கியது.

ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் ஓர்பான் துப்பாக்கி எடுக்கவில்லை, வரிச் சலுகை எடுத்தார். நான்கு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஆயுள் முழுக்க வருமான வரி இல்லை என்று 2019இல் அறிவித்தபோது, எங்களுக்கு எண்ணிக்கை வேண்டாம், ஹங்கேரியப் பிள்ளைகள் வேண்டும் என்றார். தாய்மாருக்கு உதவுவது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த உதவிக்குப் பின்னால் எந்தப் பிள்ளை வேண்டும், எது வேண்டாம் என்ற பட்டியல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

கேள்வி: நான் ஆண்களை விரும்பும் ஆண். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் அப்பா தாங்கமாட்டார். வெளியிலோ, உன் அப்பாவைப் போன்றவர்களிடமிருந்துதான் உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று இந்தக் கட்சிகள் சொல்வது போல இருக்கிறது. நான் எந்தப் பக்கம்?
(பெயர் வேண்டாம், சூரிச்)

தம்பி, உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய் என்று உங்களைத் தள்ளுவதே தவறு.

உங்களைக் காப்போம் என்பவர்களின் கணக்கைப் பாருங்கள். 2021 மார்ச்சில் பெண்களுக்காக என்று முகமூடித் தடை கேட்ட எஸ்.வி.பி, அதே வருடம் செப்டெம்பரில் எல்லோருக்கும் திருமணம் என்ற வாக்கெடுப்பில் இல்லை என்று போடச் சொன்னது. 64.1 வீதமானவர்கள் ஆம் போட்டதால் இன்று நீங்கள் விரும்பியவரை மணக்கலாம். 2023இல் சூரிச் ஏரிக்கரையில் ஸ்டேஃபா பாடசாலை பல வருடமாக நடத்திவந்த பாலினம் பற்றிய வகுப்பு நாள், அந்தக் கட்சிக்காரர்கள் இணையத்தில் கிளப்பிய புயலாலும் வந்த மிரட்டல்களாலும் நிறுத்தப்பட்டது. உங்களைப் போன்ற பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்திருக்கும்.

நெதர்லாந்தில் 2006இலிருந்து, குடும்பத்தோடு சேர வருபவர்கள் சொந்த நாட்டிலேயே ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதற்கான படத்தில் இரண்டு ஆண்கள் முத்தமிடும் காட்சியும் கடற்கரையில் மேலாடை இல்லாத பெண்ணின் காட்சியும் இருந்தன. பார்த்துச் சகித்துக்கொள்வார்களா என்று தெரிய வேண்டுமாம். அமெரிக்கரும் ஜப்பானியரும் கனடியரும் அந்தப் பரீட்சை எழுதத் தேவையிருக்கவில்லை. அவர்களில் தன்பாலீர்ப்பை வெறுப்பவர் இல்லையா என்ன? உங்கள் வாழ்க்கையை அங்கே மற்றவர்களை வெளியே நிறுத்தும் வாயிற்கதவாக வைத்தார்கள். ஸ்வீடனில் 2015இல், குடியேறிகளை எதிர்க்கும் ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் கட்சிப் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஒருவர், குடியேறிகள் வாழும் புறநகர் வழியே பிரைட் என்ற தன்பாலீர்ப்பாளர் ஊர்வலம் நடத்தினார். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசுபவர்களே திரண்டு எதிர்த்தார்கள்.

அப்பா பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வளர்ந்த நாட்டில் இதைக் குற்றமாக எழுதிவைத்தவர்கள் பிரித்தானியர். இலங்கையின் 1883 தண்டனைச் சட்டத்தின் 365ஆம் பிரிவு. அதனால் அவருடைய வெறுப்பு சரியாகிவிடாது. எங்கள் சமூகத்தில் இந்தப் பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியும், அதை நாங்கள்தான் திருத்த வேண்டும், கட்சி வந்து திருத்தாது. ஒரு விசாரணையில், தான் யார் என்பதை அதிகாரியிடம் சொல்ல வந்த ஓர் இளைஞர், தமிழில் சொல்வதற்கு முன் என் முகத்தைத்தான் பார்த்தார். அவர் பயந்தது சுவிஸ் அதிகாரிக்கு இல்லை, எனக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு விசாரணையிலும் என் முகத்தில் என்ன தெரிகிறது என்பதில் கவனமாக இருக்கிறேன்.

அப்பாவிடம் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நேரம் வரும்போது சொல்லுங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள். சூரிச்சில் குடியேறிப் பின்னணி கொண்ட பால்புதுமையினர் கூடும் குழுக்கள் இருக்கின்றன, எனக்கு எழுதுங்கள், தொடர்பு தருகிறேன்.

கேள்வி: நாங்கள் உழைத்து முன்னேறியவர்கள். இப்போது வருகிறவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். தமிழ் ஆண்களைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லையே?
(வாசகர், பேர்ண்)

பேசினார்கள் ஐயா. 1980களின் நடுவில் இதே பேர்ணில் நின்ற தமிழ் இளைஞர்களைப் பற்றிச் சுவிஸ் பத்திரிகைகள் என்ன எழுதின என்று நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். தோல் ஜாக்கெட் போட்ட, தனியாக வந்த கறுப்பு ஆண்கள், ஹெரோயின் விற்பவர்கள், ரயில் நிலையத்தில் கூட்டமாக நின்று மக்களைப் பயமுறுத்துபவர்கள் என்று. 1989இல் கூர் நகரில் தமிழ் அகதிகள் இருந்த வீடு தீயிட்டு எரிக்கப்பட்டு, பிள்ளைகள் இருவர் உட்பட நான்கு பேர் செத்தார்கள்.

பெண்களையும் விட்டுவைக்கவில்லை. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோவில், திருமணத்துக்காக வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னியா இல்லையா என்று வைத்தியரை வைத்துச் சோதித்தார்கள். கீழைநாட்டு மணப்பெண் கன்னியாகத்தான் இருப்பாள், இல்லையென்றால் பொய் சொல்கிறாள் என்பது குடிவரவு அதிகாரிகளின் தர்க்கம். அந்த வருடம் பெப்ரவரியில் செய்தி வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள்.

கேள்வி: என் மச்சாளைக் கணவர் அடிக்கிறார். விட்டுவந்தால் விசா போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியே மிரட்டுகிறார். உண்மையா?
(வாசகி, சுவிஸ்)

இல்லை. இந்த மிரட்டலை நான் அடிக்கடி கேட்கிறேன், அதனால் தெளிவாக எழுதுகிறேன். சுவிஸ் வெளிநாட்டவர் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வீட்டு வன்முறையால் பிரிந்து வருபவர் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்காவிட்டாலும் வதிவிட உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வழி உண்டு. 2025 ஜனவரி முதல் அந்தப் பிரிவு விரிவாக்கப்பட்டிருக்கிறது, முன்பு அதற்குள் வராத அனுமதி வகைகளில் இருப்பவர்களும் இப்போது கேட்கலாம். நாட்டில் ஆபத்தை ஏற்படுத்துவது அகதிப் படகுதான் என்று மேடைகளில் முழங்கும்போது, மச்சாள் போன்றவர்கள் இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாமல் வருடக்கணக்காக அடி வாங்குகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். காயம் இருந்தால் வைத்தியரிடம் காட்டி, நடந்ததை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்க வேண்டாம், படம் எடுத்து உங்கள் தொலைபேசிக்கு அனுப்பட்டும். கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைக்கட்டும். ஒவ்வொரு கன்டோனிலும் ஒப்ஃபர்ஹில்ஃப என்ற பாதிக்கப்பட்டோர் உதவி நிலையம் இருக்கிறது. ஆலோசனை இலவசம், அவர் அனுமதியில்லாமல் பொலிஸுக்கோ கணவருக்கோ சொல்லமாட்டார்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஒழுங்கு செய்வார்கள். உடனடி ஆபத்து என்றால் 117. கணவரின் சொந்தக்காரர் யாரையும் மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசட்டும், அந்த நிலையமே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும்.